மடியில் கனமும் கைத்துப்பாக்கியும்

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். நம் தொழிலில் மடியில் கனம் இல்லாத நாள் ஏது? விடியற்காலையில் ரொக்கத்தோடு கொள்முதலுக்குப் புறப்படுகிறோம். இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, கல்லாப் பணத்தைப் பையில் சுற்றிக்கொண்டு வீடு திரும்புகிறோம். செல்போன் மூலம் பணம் செலுத்தும் வழக்கம் பரவிவிட்ட இந்நாளிலும் மொத்த வியாபாரத்தில் ரொக்கம் ஒழிந்துவிடவில்லை.

2024 ஏப்ரல் 15 அன்று ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் ஒரு நகைக்கடையில் பட்டப்பகலில் கொள்ளை நடந்தது. காரில் வந்த கும்பல் துப்பாக்கியைக் காட்டி மிரட்டி, உரிமையாளரைக் கட்டிப் போட்டுவிட்டு, நகையையும் பணத்தையும் அள்ளிச் சென்றது. இப்படி ஒன்று நடந்தவுடன் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கடைவீதிப் பேச்சு ஒரே திசையில் போகும். "நாமும் சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி சின்னதாக ஒரு துப்பாக்கி வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதில் "சின்னதாக" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. சரக்கு எடுக்கும்போது தரம், விலை, கெடு எல்லாம் பார்க்கிற நாம், உயிர் சம்பந்தப்பட்ட பொருளை அளவு ஒன்றை மட்டும் பார்த்து எடுக்கலாமா? இதில் நம் சங்க உறுப்பினர்கள் அறிய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பதை முறைப்படுத்துவது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். நடைமுறைகளைச் சொல்வது 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். 21 வயது நிறையாதவருக்குப் பொதுவாக உரிமம் கிடையாது. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்த்தப்பட்டது.

சட்டம் எல்லாத் துப்பாக்கியையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட சாதாரணத் தோட்டாத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்காகக் கேட்டால் ஒரு பார்வை. இடுப்பில் மறைத்து வைக்கும் கைத்துப்பாக்கியைக் கேட்டால் வேறு பார்வை. கைத்துப்பாக்கிக்குத் தக்க காரணம் உண்டு என்று உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். தொழிலின் தன்மை காரணமாகவே உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள வேண்டிய உண்மையான தேவை உள்ளவர்களின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கலாம் என்று 2016 விதிகள் சொல்கின்றன. வணிகர் நிற்பது இந்த வரியில்தான். "நான் வியாபாரி" என்பது மட்டும் போதாது. எவ்வளவு ரொக்கம், எந்த வழி, எந்த நேரம், முன்பு மிரட்டலோ வழிப்பறியோ நடந்ததா, அதற்குப் புகார் கொடுத்து ரசீது பெற்றீர்களா என்பவையே விண்ணப்பத்துக்கு எடை கூட்டும்.

விண்ணப்பத்தோடு உடல்நலம், மனநலம் பற்றிய மருத்துவச் சான்றும், துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பதாக உறுதிமொழியும் தர வேண்டும். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் பெற வேண்டும். காவல் நிலைய விசாரணை அறிக்கை வந்த பிறகே முடிவு. சொத்து போதாது என்ற ஒரே காரணத்தால் மறுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே பெரிய மொத்த வியாபாரிக்குத்தான் கிடைக்கும், சிறு மளிகைக்காரருக்குக் கிடைக்காது என்ற எண்ணம் தவறு. மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு. நம் பகுதி 2022 ஜனவரி 1 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வந்துவிட்டதால் விவரம் கேட்க வேண்டியது முதலில் அங்கேதான்.

உரிமம் இல்லாமல் வைத்திருப்பதன் விலையும் தெரிந்திருக்கட்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண ரகத்துக்கே குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. தடை செய்யப்பட்ட ரகமானால் ஏழு முதல் பதினான்கு ஆண்டு. "வடக்கேயிருந்து மலிவாக ஒன்று வந்திருக்கிறது" என்று எவராவது காதில் ஓதினால், கடையை மூட வழி சொல்கிறார் என்று பொருள்.

எந்த ரகம் நமக்கு உண்டு?

சினிமாவிலும் போலீசார் இடுப்பிலும் பார்ப்பது பெரும்பாலும் 9 மி.மீ. பிஸ்டல். அந்தத் தோட்டா பொதுமக்களுக்குத் தடை. பழைய போலீஸ் ரிவால்வரின் .38 ரகமும் அப்படியே. நமக்குக் கிடைப்பவற்றில் முக்கியமானவை .32, .22 என்ற இரண்டு. பழைய .25 இறக்குமதிகள் சில கைமாறி வருவதுண்டு. வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் வணிக இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டதால், அந்தப் பழைய சரக்குக்குத் தரத்தை மீறிய விலை சொல்லப்படுகிறது.

ஆவடியில் இருப்பவர்கள், "நம் ஊரிலேயே படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறதே, அங்கே கிடைக்காதா?" என்று கேட்கலாம். ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் உருவாவது பீரங்கி வண்டி. பக்கத்துத் தொழிற்சாலையில் தைப்பது ராணுவ உடை. அரசுத் துறையில் .32 ரிவால்வர் கான்பூரிலிருந்தும், ‘அஷானி’ என்ற .32 பிஸ்டல் மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூரிலிருந்தும் வருகின்றன. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தது. இந்தத் துப்பாக்கிகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் பொறுப்பில் சென்றன. வாங்குவது எப்போதும் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம்தான்.

விலையும் சாதாரணம் அல்ல. எடை குறைந்த உலோகத்தில் செய்த ‘நிர்பீக்’ ரிவால்வர் 2014இல் வந்தபோதே சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். ஒரு சிறு மளிகைக் கடையின் முதலில் இது எத்தனை பங்கு என்பதை அவரவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ரிவால்வரா, பிஸ்டலா?

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெயரில் இல்லை, வேலை செய்யும் முறையில் இருக்கிறது.

ரிவால்வரில் ஓர் உருளை உண்டு. .32 ரிவால்வரில் அதற்குள் ஆறு தோட்டா. விசையை இழுக்கும்போது உருளை சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வரும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மீண்டும் விசையை இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் நேரே சுடும்போது விசை கனமாகவும் நீளமாகவும் இருக்கும். அந்தக் கனமே ஒரு காவல். கை தவறி அழுத்தினால் எளிதில் வெடிக்காது. திறந்து பார்த்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது ஒரே பார்வையில் தெரியும்.

பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மாகசினில் அடுக்கப்படும். மேலே உள்ள ஸ்லைடை ஒருமுறை இழுத்துவிட்டால் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். அதன் பின் ஒவ்வொரு வெடிக்கும் அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். தட்டையாக இருப்பதால் சட்டைக்குக் கீழே துருத்தாது. மறைப்பதற்கு ரிவால்வரை விட இதுவே வசதி.

ஆனால் பிஸ்டலில் மூன்று கண்டங்கள் உள்ளன. முதலாவது, மாகசினைக் கழற்றிய பிறகும் குழலில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். "காலிதான்" என்று நினைத்துத் துடைக்கும்போது வெடிப்பது இதனால்தான். இரண்டாவது, குழலைக் காலியாக வைத்துக்கொண்டால் பத்திரம். ஆனால் ஆபத்து நேரத்தில் ஸ்லைடை இழுக்க இரண்டு கை வேண்டும். ஒரு கை பணப்பையில் இருக்கும்போது, அல்லது அதை ஒருவன் பிடித்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது? மூன்றாவது, பழைய தோட்டா, தூசி, தளர்ந்த பிடி இவற்றால் பிஸ்டல் இடையில் சிக்கிக்கொள்ளும். சிக்கலை எடுக்கப் பழகிய கை வேண்டும். மிளகாய்த் தூளும் கோதுமை மாவும் பறக்கும் கடையில் தூசிக்கா பஞ்சம்?

தோட்டா விஷயத்திலும் கவனம் தேவை. இரண்டும் .32 என்றே அழைக்கப்படுகின்றன. ஆனால் ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்குப் பொருந்தாது. ரிவால்வர் தோட்டாவின் கூடு சுமார் 23 மி.மீ. நீளம், பிஸ்டல் தோட்டாவின் கூடு 17 மி.மீ. வாங்கும்போது "பாயிண்ட் 32 கொடுங்கள்" என்றால் போதாது. எதற்கு என்று சொல்லி, பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

வாரம் தவறாமல் பயிற்சி செய்ய நேரம் உள்ளவருக்குப் பிஸ்டல் ஏற்றது. காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை கடையே கதி என்றிருக்கும் நம்மில் பெரும்பாலோருக்கு ரிவால்வரே பொருந்தும்.

சிறியது சிறந்ததா?

சாதாரண .32 ரிவால்வரும் ‘அஷானி’ பிஸ்டலும் சுமார் 700 கிராம் எடை. அதாவது முக்கால் கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் நடமாடுவது போல. ‘நிர்பீக்’ சுமார் அரைக் கிலோ. .22 ரகத்தில் வந்த ‘நிடர்’ ரிவால்வர் சுமார் 250 கிராம், கால் கிலோ டீத்தூள் பாக்கெட் அளவு. கேட்டவுடன் கால் கிலோ சரக்கின் மீதுதான் ஆசை வரும்.

அங்கேதான் நிதானம் வேண்டும். துப்பாக்கி இலேசானால் வெடிக்கும்போது கையில் அதிகமாகக் குதிக்கும். பிடி குட்டையானால் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் பிடி நழுவும். குழல் குட்டையானால் குறிமுள்ளுக்கும் குறிப்பள்ளத்துக்கும் இடைவெளி குறைந்து குறி தவறும். நிதானமாக நிற்பவருக்கே இந்தக் கதி என்றால், நெஞ்சு படபடக்கும் நேரத்தில் பத்தடி தூரத்துக் குறியும் தப்பும். தப்பிய குண்டு எங்கே போகும்? நம் கடைக்கு எதிரே பஸ் நிறுத்தம், பக்கத்தில் பள்ளிக்கூடம். மிகச் சிறிது என்று நினைக்கும் .22 குண்டு கூடத் தடையில்லாமல் போனால் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை செல்லக் கூடியது.

மேலும் .22 தோட்டா விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் வகை. நடுவில் அடிபட்டு வெடிக்கும் .32 தோட்டாவை விட அது வெடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். பயிற்சிக்கு மலிவு, கைக்கு இதம் என்ற நன்மைகள் அதற்கு உண்டு. கையில் வலு குறைந்த வயதானவர்களுக்கு அதுவே ஏற்றதாகவும் இருக்கலாம். ஆனால் "சின்னது, அதனால் ஆபத்து குறைவு" என்று எவரும் எண்ண வேண்டாம். அமெரிக்க அதிபர் லிங்கன் 1865இல் சுடப்பட்டது உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியால்தான்.

உரிமத்தில் ரகம் குறிக்கப்படுகிறது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே இதை எல்லாம் யோசித்து, ரைபிள் கிளப் ஒன்றில் கையில் பிடித்துப் பார்த்து, சுட்டுப் பார்த்து முடிவு செய்வதே முறை. கைக்கு எது அமைகிறதோ அதுவே நல்ல துப்பாக்கி.

மறைத்து வைப்பதும் சட்டமே

துப்பாக்கியை வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டால்தான் திருடன் பயப்படுவான் என்று சிலர் நினைக்கிறார்கள். 2016 விதிகள் இதற்கு இடம் கொடுக்கவில்லை. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில், உடலோடு பொருத்தி, அல்லது தகுந்த பையில், முழுவதும் மூடிய நிலையில் மட்டுமே எடுத்துச் செல்லலாம். அது எந்நேரமும் உரியவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். எடுத்துக் காட்டி மிரட்டுவதும், கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுடுவதும் குற்றம்.

சட்டைப் பையிலோ வேட்டி மடிப்பிலோ வெறுமனே செருகுவது விதிக்கும் விரோதம், உயிருக்கும் விரோதம். பையில் கிடக்கும் சாவிக்கொத்தே விசையில் மாட்டி இழுக்கப் போதும். கீழே விழுந்தாலும் ஆபத்து. பழைய இறக்குமதி ரிவால்வர்கள் சிலவற்றில் சுத்தியல் தோட்டாவின் மேலேயே அமர்ந்திருக்கும். தரையில் அடிபட்டால் வெடிக்கலாம். அவற்றில் சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக வைப்பதே வழக்கம். வேட்டி கட்டுபவர்கள் அகலமான பச்சை பெல்ட்டில் விசையை முழுவதும் மூடும் தோல் உறையைப் பொருத்திக்கொள்ள வேண்டும். நம் ஊர் வியர்வைக்கு எந்த இரும்பும் துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் போடுவதை மாதம் ஒருமுறையாவது தவறாமல் செய்ய வேண்டும்.

அந்த நிமிடத்தில் நடப்பது என்ன?

கொள்ளைக்காரன் முன்கூட்டியே தயாராக வருகிறான். நாம் தராசைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவன் துப்பாக்கி வெளியே இருக்கிறது. நம்முடையது சட்டைக்கு அடியில், உறைக்குள் இருக்கிறது. இரண்டு மூன்று அடி தூரத்தில் முனையை நீட்டி நிற்பவனுக்கு எதிரே நாம் இடுப்பில் கை வைத்தால், அவன் சும்மா இருப்பானா?

பயிற்சி பெற்ற கைக்கும் தவறு நேரும் என்பதற்கு நம் பகுதியே துயரமான சாட்சி. 2017 நவம்பரில் கொளத்தூரில் ஒரு நகைக்கடையின் மேல்தளத்தில் துளையிட்டுக் கொள்ளையடித்தார்கள். குற்றவாளிகளைப் பிடிக்க ராஜஸ்தான் சென்ற தனிப்படையில் மதுரவாயல் காவல் ஆய்வாளர் பெரியபாண்டியன் இருந்தார். டிசம்பர் 13 அன்று அங்கு நடந்த மோதலில் அவர் குண்டு பாய்ந்து இறந்தார். அது கொள்ளையர் சுட்ட குண்டு அல்ல, உடன் சென்ற அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்தது என்று ராஜஸ்தான் போலீசார் விசாரணையில் தெரிவித்தார்கள். துப்பாக்கியோடு வாழ்கிறவர்களுக்கே கைகலப்பில் இப்படி நேர்ந்தது. ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துத் துடைக்கும் நமக்கு, பக்கத்தில் மகனும் கடைப் பையனும் வாடிக்கையாளரும் நிற்கும்போது என்ன நேரும்?

கோபமும் ஒரு கண்டம். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டது முன்பின் தெரியாத கொள்ளைக்காரனால் அல்ல; அவரோடு படங்களில் நடித்த, வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்த எம்.ஆர். ராதாவால். நம் கடையிலும் பாக்கி வசூல், பங்காளித் தகராறு, வண்டி நிறுத்தும் சண்டை என்று நாள்தோறும் குரல் உயர்கிறது. இடுப்பில் துப்பாக்கி உள்ளவர் மற்றவரைக் காட்டிலும் இரண்டு மடங்கு பொறுமையாக இருந்தாக வேண்டும்.

எப்போது சுடலாம்?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. தற்காப்பு உரிமை அதன் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் சொல்லப்படுகிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் தாக்குகிறவனின் உயிர் போகும் அளவுக்கும் தற்காத்துக்கொள்ளலாம். கொள்ளை, இரவில் வீடு உடைத்தல் போன்றவற்றிலும் அந்த உரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. காவல்துறையை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை இல்லை. ஆபத்து நீங்கிப் பையோடு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால், கூண்டில் நிற்கப் போவது நாம்.

வாங்கிய பிறகு வரும் கடமைகள்

உரிமம் உங்கள் பெயருக்குத்தான். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது மகனோ கணக்குப்பிள்ளையோ அதைத் தொடக் கூடாது. உரிமத்தில் குறித்துள்ள எல்லைக்குள்தான் எடுத்துச் செல்லலாம். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால் குண்டூருக்கு மிளகாய் எடுக்கப் போகும்போது அது வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும். காணாமல் போனால் உடனே காவல் நிலையத்தில் சொல்லியாக வேண்டும்.

தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கத்துக்குப் பறக்கும் படை கணக்குக் கேட்கும் அதே நாட்களில், நம் துப்பாக்கி காவல் நிலையத்தில் இருக்கும். ஆகவே அதை மட்டும் நம்பிப் பாதுகாப்பை அமைத்துக்கொள்வது பயன்படாது.

முடிவாகச் சில வார்த்தைகள்

துப்பாக்கி விலையில் ஒரு சிறு பங்குக்கே கண்காணிப்புக் கேமரா, தரையில் பதித்த இரும்புப் பெட்டி, கடைக்கும் வழியில் போகும் பணத்துக்கும் காப்பீடு எல்லாம் செய்துகொள்ளலாம். கல்லாவை மாலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று பிரித்து எடுத்துச் செல்வது, தினமும் ஒரே வழியில் ஒரே நேரத்தில் போகாமல் இருப்பது, பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து ஷட்டர் இறக்குவது, இவற்றுக்குச் செலவே இல்லை. அவசரத்துக்கு 112 உண்டு.

இவ்வளவும் செய்த பிறகும் உண்மையான அச்சம் உள்ளவர்கள் முறைப்படி உரிமம் பெறுவதில் தவறில்லை. அவர்கள் கடைசிக் கணக்காக நான்கு கேள்விகளைத் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறையாவது பயிற்சிக்குப் போவேனா? கடையிலும் வீட்டிலும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க இடம் இருக்கிறதா? என் கோபம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? நான் கேட்பது என் கைக்கு அமைந்ததையா, பைக்கு அமைந்ததையா?

நான்குக்கும் நேர்மையான பதில் கிடைத்தால் விண்ணப்பம் எழுதலாம். ஒன்றில் தயக்கம் வந்தாலும், அந்தப் பணத்தைக் கடையின் பூட்டிலும் கேமராவிலும் போடுவோம். பறிபோன பணத்தை நாலு மாத வியாபாரத்தில் சம்பாதித்துவிடலாம். கல்லாவில் உட்கார நாம் இருக்க வேண்டும்.